கொட்டாப்புளியின் எடை

ஒரு சிற்பக்கூடத்தில் அவசியம் இருக்க வேண்டிய கைக்கருவிகள் எவை என்று கேட்டால், எல்லோரும் உளியில் தொடங்குவார்கள். நான் பழைய பருத்தித் துணியில் தொடங்குவேன். எண்ணெயில் நனைத்த துணி பக்கத்தில் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல உளியும் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். அதற்குப் பிறகு தீட்டுக்கல், இரண்டு அரம், மெல்லிய பல் வைத்த ரம்பம், மேசையோரம் மரத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ். கடைசியாகக் கொட்டாப்புளி, அதாவது உளியின் தலையில் தட்டுகிற மரச்சுத்தியல். நீங்கள் விசாரிக்க வந்தது அதைப் பற்றித்தான் என்று தெரியும், இன்ஸ்பெக்டர் மேடம். சொல்கிறேன். அவசரப்படுத்தினால் கோர்வை விட்டுப்போகும்.

என் மனைவி மரச்சிற்பி. செதுக்குவது அவள், கருவிகளைப் பார்த்துக்கொள்வது நான். பதினாறு வருடத்தில் அவள் ஒரு உளியைக்கூடத் தானாகத் தீட்டியதில்லை. கை நீட்டினால் கருவி இருக்கும். எத்தனை கணவன்மார் இப்படி இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.

போன வருடம் வேறொரு ஊரிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. புதிதாகக் கட்டும் நூலகத்துக்குப் பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு மரச்சிற்பம். எட்டு மாதம் கழித்துப் புறப்பட்டு, ஒரு வருடம் அங்கேயே தங்க வேண்டும். வாழ்நாளெல்லாம் காத்திருந்தது இதற்குத்தான் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கட்டடத்துப் பொறியாளர் அடிக்கடி போன் செய்தார். அவள் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போவாள். உள்ளே சிக்னல் இல்லை என்பாள். எனக்கு மட்டும் இருந்தது.

"ஏங்க, அந்த மனுஷனுக்கு அறுபத்தெட்டு வயசு. பல்செட் கழண்டு விழாம பேசுறதே அவருக்குப் பெரும்பாடு" என்று சிரித்தாள்.

நான் வயதைக் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ஒருத்தி ஏன் பதில் சொல்ல வேண்டும்?

அந்த வாரம் கொட்டாப்புளியின் தலையில் ஒரு துளை போட்டேன். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளைப் போட்டு, ஓசை வராமல் இருக்க மரப்பசை ஊற்றி, அதே மரத்தில் ஒரு மூடி செதுக்கி அடைத்து, உப்புத்தாள் தேய்த்தேன். முப்பது கிராம்தான் கூடியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இன்னொரு முப்பது. பிடியையும் சிறுகச் சிறுக மெலிதாக்கினேன். பிடி மெலிந்தால் விரல்கள் இறுக்கிப் பிடித்தாக வேண்டும். மாதிரிச் சிற்பத்தை இங்கேயே தொடங்கியிருந்தாள். ஒரு நாளைக்கு நாலாயிரம் தட்டாவது தட்டுவாள். நான் அவளைக் கொடுமைப்படுத்தினேன் என்று தெருவில் பேசுகிறார்களாம். அவள்மேல் நான் கை வைத்ததே கிடையாது.

மூன்றாவது மாதம் மணிக்கட்டு வலித்தது. ஐந்தாவது மாதம் டம்ளர் நழுவியது. தினமும் சாயங்காலம் ஒத்தடம் கொடுத்து எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

"எனக்கு என்னங்க ஆச்சு? கை என் பேச்சையே கேக்க மாட்டேங்குது" என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கிப் பெருவிரலடிச் சதை வற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தாலும் பழைய பலம் வராது என்றார் டாக்டர். வேலையை ஏற்க முடியவில்லை என்ற கடிதத்தை நான்தான் எழுதினேன். அவளால் பேனா பிடிக்க முடியவில்லை. இடது கையால் கையெழுத்து மட்டும் போட்டாள்.

பிறகு அவளுடைய அக்கா வந்தாள். தையற்காரி, வாயும் கையும் சும்மா இருக்காது. காலண்டர் மாட்ட ஆணி அடிக்கிறேன் என்று கொட்டாப்புளியைத் தூக்கினாள். மரச்சுத்தியலால் யாராவது ஆணி அடிப்பார்களா?

"என்னடி இது, இந்தக் கனம் கனக்குது?"

"எனக்குத்தான் கை போச்சு. உனக்குமாக்கா கனக்குது?"

கேட்டவள் அப்படியே நின்றாள். அத்தனை மாதமும் தன் கையையே சந்தேகப்பட்டவள், முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

இடது கையால் அதை எடுத்து வைஸில் வைத்தாள். "நீங்களே அறுங்க" என்றாள். ஈயம் ரம்பத்தின் பல்லைக் கெடுத்துவிடுமே என்று ஓரமாக அறுக்கப் பார்த்தேன். அவள் நடுவில் நகத்தால் கோடு கிழித்துக் காட்டினாள். நேராகத்தான் அறுத்தேன். அக்காதான் கத்தினாள். என் மனைவி அறுபட்ட பாதியில் தெரிந்த ஈயத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

ஆமாம் மேடம், அவள் கையை முடக்கியது நான்தான். தெரிந்தே, எடை பார்த்து, எட்டு மாதம். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் ஊரைவிட்டுப் போகவில்லை என்பதையும் எழுதுங்கள். அக்கா வீட்டில் இருப்பது போனதாக ஆகாது. நாலு தெரு தள்ளித்தான்.

இடது கையால் செதுக்கப் பழகுகிறாளாம். சின்னதாக ஒரு கொட்டாப்புளி வாங்கியிருக்கிறாளாம். கடைச் சாமானில் பிடி சொரசொரப்பாகத்தான் இருக்கும், பழகாத கை கொப்பளித்துவிடும். ஒரே ஒரு நாள் என்னிடம் கொடுத்தனுப்பு, தேய்த்துத் தருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். பதிலே இல்லை. இதில்கூடச் சந்தேகப்பட அவளுக்கு என்ன இருக்கிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.