இருபத்துமூன்று வரிசை ஒப்பீடு

மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் முதலில் திரையின் அழகைத்தான் பார்க்கிறார்கள். அது பிழை. நீங்கள் கொண்டுவந்து மேசையில் வைத்திருப்பதையே பாருங்கள், தங்கச்சி. பளபளப்பான திரை. எங்கள் குசினி யன்னலுக்கு எதிரே இருந்து எழுதினால் உங்களுடைய முகந்தான் அதில் தெரியும், எழுத்துத் தெரியாது. வாங்க முதல் உங்கள் அலுவலகத்தில் யாராவது என்னைப்போல ஒரு ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, இந்தப் பக்கம் திரும்பி இருங்கள். தேத்தண்ணி ஆற முதல் குடியுங்கள். நான் ஆறுதலாகச் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

லக்சாயினி என்றுதானே சொன்னீர்கள்? அகதிகளுக்கு இலவசமாக வழக்குப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். ஸ்ரீஸ்கந்தராஜாவின் மனைவி வவுனியாவில் இருந்து உங்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறா. தன் புருசனுடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது ஏன் ஒருவரும் மேன்முறையீடு செய்யவில்லை என்று கேட்டிருக்கிறா. நியாயமான கேள்வி. அதற்கு விடை ஒரு மடிக்கணினியில் தொடங்குகிறது. நான் கதையை மாற்றுகிறேன் என்று நினைக்கவேண்டாம்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. இங்கே லாங்கன்தாலில் எங்கள் தமிழ்ப் பாடசாலை புதன்கிழமை பின்னேரங்களில் வாடகை வகுப்பறையில் நடந்தது. அங்கே ஒரு பென்சிலைக்கூட விட்டுவிட்டு வர முடியாது. அதனால் பரீட்சைத் தாள், பிள்ளைகளின் விபரம் எல்லாவற்றையும் ஒரு சின்ன மடிக்கணினியில் போட்டு, சிவகலா ரீச்சர் ரயிலில் கொண்டுபோய்க் கொண்டுவரலாம் என்று முடிவெடுத்தார்கள். எதை வாங்குவது? நிர்வாகத் தலைவர் இரவீந்திரன் நேரே என்னிடம் வந்தார்.

“தயாண்ணை, உங்களை விட்டா எங்களுக்கு ஆர் இருக்கினம்?”

அந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். எண்பத்தைந்தில் இந்த நாட்டுக்கு வந்தவன் நான். தொழிற்சாலைக் களஞ்சியத்தில் பொறுப்பாக இருக்கிறேன், ஜேர்மன் மொழி வாசிக்க எழுதத் தெரியும். இந்த ஊரில் யார் கார் வாங்கினாலும், உடுப்புத் தோய்க்கும் மெசின் வாங்கினாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். மணித்தியாலக் கணக்கில் விளக்குவேன். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போய், ஷ்லீரன் நகரத்தில் இருக்கும் மச்சான் எதை வாங்கினாரோ அதையே வாங்குவார்கள். அது பழுதாகிப் போனால் திரும்பவும் என்னிடம் வருவார்கள். இதில் வருகிற எரிச்சல் என்னைப்போல் மினக்கெட்டவனுக்குத்தான் தெரியும்.

இரண்டு கணினிகளைத் தெரிவு செய்தேன். இரண்டும் வியாபாரப் பயணக்காரருக்காகச் செய்தவை, இரண்டும் பன்னிரண்டு அங்குலம். ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளி நிறம். நிறுவனங்களின் பெயர் வேண்டாம், அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆறு கிழமை ஒப்பிட்டேன். கடையில் விளம்பரத் தாளில் போட்டிருக்கும் நிறையை நான் நம்புவதில்லை. சூட்கேஸ் நிறுக்கிற கொளுவித் தராசைக் கொண்டுபோய் நானே நிறுத்தேன். விற்பனைப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும். மின்கலம் எவ்வளவு நேரம் நிற்கும், மூடியின் பிணைச்சல் எத்தனை தரம் திறந்து மூடினால் தளரும், விசிறிச் சத்தம் எவ்வளவு, பழுதானால் எந்த ஊருக்கு அனுப்பவேண்டும், எத்தனை நாளில் திரும்பி வரும். அட்டவணையில் எல்லாமாக இருபத்துமூன்று வரிசை. பதினேழில் கறுப்பு வென்றது. வேலையிடத்தில் கேட்டு, பன்னிரண்டு பிரதி எடுத்து, மூலையில் கம்பி அடித்து, யூன் மாதக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

சிறி அப்போது இங்கே வந்து ஒன்றரை வருசம். ஸ்ரீஸ்கந்தராஜாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். முப்பத்தாறு வயது, அமைதியான ஆள். ஒரு உணவகக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு, அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வருமென்று காத்திருந்தார். மனைவியும் மகளும் வவுனியாவில். ஊரில் ஒரு அச்சகத்தில் தட்டச்சு வேலை செய்தவராம். அவரைக் கூட்டத்துக்கு யார் கூப்பிட்டது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கடைசி வரிசையில் இருந்தவர் கையை உயர்த்தினார்.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இதில ஆராவது தமிழ் அடிச்சுப் பாத்தீங்களோ?”

நான் தாளைப் பார்த்தேன். இருபத்துமூன்று வரிசையில் அது இருக்கவில்லை.

“நான் சனிக்கிழமை சிவகலா ரீச்சரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனனான். தமிழ் எழுத்துருவையும் கொண்டுபோய்ப் போட்டுப் பாத்தம். கறுப்பில வலப்பக்க ஓரத்து விசையள் சரியான சின்னன், அண்ணை. எங்கடை எழுத்துருவில புள்ளி அந்த இடத்திலதான் வருது. ரீச்சருக்குக் கையும் நோ. பத்துத் தரம் அடிச்சா நாலு புள்ளிதான் விழுகுது.”

அவர் அடித்து எடுத்துவந்த தாளை இரவீந்திரன் வாங்கிச் சத்தமாக வாசித்தார். புள்ளி விழாத தமிழை வாசித்தால் எப்படி இருக்கும்? “அம்மா” என்பது “அமமா” என்று வந்தது. பன்னிரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஆறு கிழமை மினக்கெட்டு, கடைசியில புள்ளியை விட்டிட்டீங்களே தயாண்ணை,” என்று இரவீந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன். வெள்ளிக் கணினியை வாங்கினார்கள்.

அதோடு முடிந்திருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்க மாட்டீர்கள். தமிழ்க் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனாலும், கோயிலில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றாலும், யாராவது ஒருத்தர், “என்ன தயாண்ணை, புள்ளி வைச்சாச்சோ?” என்பார். பகிடிதான், எனக்குத் தெரியும். சிறி ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை என்பதையும் எழுதுங்கள். ஆனால் கணினியில் சின்னச் சந்தேகம் என்றாலும் ஆட்கள் இப்போது அவரிடம் போகத் தொடங்கினார்கள். கோப்பை கழுவுகிற மனிசனிடம். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

ஒக்ரோபரில் கடிதம் வந்தது.

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதிவுத்தபால் வந்தால் உறையைக் கிழிக்கவே மாட்டார்கள். தபாற்கந்தோரில் கையெழுத்துப் போட்டு எடுத்த கையோடு, ஜேர்மன் தெரிந்த ஆளிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவர் வாசித்துச் சொல்வதுதான் கடிதம். வேறொருவரிடம் காட்டிச் சரிபார்த்தால் முதல் வாசித்தவருக்கு மரியாதைக்குறைவு என்று நினைப்பார்கள். அப்போது பதினொரு பேருடைய கடிதங்கள் என்னிடம் இருந்தன, ஆளுக்கொரு கோப்பு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். நீங்கள் இப்போது இருக்கிற கதிரையில்தான் சிறி இருந்தார். நான் வாசித்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். செய்யாவிட்டால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லாத ஜேர்மன்.

“என்னவாம் அண்ணை?”

“ஒண்டுமில்லை. இன்னும் விசாரிக்கினமாம். பொறுத்திருக்கச் சொல்லுது.”

“அப்பாடா. நான் சரியாப் பயந்துபோனன் அண்ணை. கடிதம் உங்களிட்டையே இருக்கட்டும், நான் எங்கையாவது துலைச்சுப்போடுவன்.”

அந்த நேரத்தில் நான் ஒரு முடிவும் எடுத்திருக்கவில்லை. யோசிக்க ஒரு நாள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அவசரப்பட்டு முடிவெடுக்கிற ஆள் இல்லை நான். அடுத்த நாள் ஒரு தாளில் இரண்டு நிரல் போட்டேன். ஒன்று சொல்வது, மற்றது சொல்லாமல் விடுவது. சொன்னால் சட்டத்தரணி தேடவேண்டும், சாட்சிக் கடிதங்களை மொழிபெயர்க்கவேண்டும், அந்த வேலை முழுவதும் என் தலையில்தான் விழும். வெல்லுகிற வாய்ப்பும் குறைவு என்று எனக்குப் பட்டது. சொல்லாவிட்டால் அவர் நிம்மதியாக நித்திரை கொள்வார். ஊரில் அந்த வருசம் திரும்பவும் சண்டை தொடங்கியிருந்தது, அதற்கும் ஒரு வரிசை போட்டேன். நான் பக்கம் சாய்கிறவன் இல்லை. ஒன்பது வரிசையில் ஐந்து, சொல்லாமல் விடுவதற்கே சாதகமாக வந்தது. தாள் கோப்பில் இருக்கிறது. போகும்போது தருகிறேன்.

இருந்தாலும் இருபத்தொன்பதாம் நாள் எனக்கு மனம் சரியாக இருக்கவில்லை. உங்கள் அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்தேன். ரெலிபோனுக்குப் பக்கத்தில் போய் இருந்தும் விட்டேன். அப்போது கதவு மணி அடித்தது. சிறிதான். சிரித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணை, வாற புதன்கிழமையில இருந்து பெரியாக்களுக்குக் கணினி வகுப்பு எடுக்கச் சொல்லி இரவீந்திரண்ணை கேட்டவர். நீங்களும் வாங்கோவன். முன்வரிசையில இடம் வைக்கிறன்.”

வாறன் என்று சொல்லி அனுப்பினேன். இலக்கம் எழுதின துண்டை மடித்துக் கோப்புக்குள் வைத்தேன்.

டிசெம்பரில் இரண்டாவது கடிதம் வந்தது. திரும்பிப் போவதற்கான பயணப் பத்திரம் எடுக்க நேரில் வரச்சொல்லி, திகதியும் போட்டிருந்தது. அதையும் பிரிக்காமல்தான் கொண்டுவந்தார். அதையும் முதல் கடிதத்தைப்போலவே, இன்னும் விசாரிக்கினமாம் என்று மாற்றி வாசித்துச் சொன்னேன். இந்த முறை யோசிக்க நாள் தேவைப்படவில்லை. சனவரியில் ஒருநாள் விடிய ஆறு மணிக்குப் பொலிஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. பெப்ரவரியில் கொழும்புக்கு ஏற்றினார்கள். இறங்கினதும் மனைவிக்கு ஒருதரம் எடுத்துக் கதைத்திருக்கிறார், வவுனியா பஸ்ஸில் ஏறுகிறேன் என்று. அவவும் மகளும் பஸ் நிலையத்தில் போய் நின்றிருக்கிறார்கள். அந்த பஸ்ஸில் அவர் வரவில்லை. அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் யாரும் இல்லை. அடுத்த மாதம் இரண்டு வருசம் ஆகிறது.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? மற்றப் பத்துப் பேருடைய கடிதங்களை யோசிக்கிறீர்கள்போல. பயப்படவேண்டாம். எல்லாவற்றையும் சரியாகத்தான் வாசித்தேன். நாலு பேருக்கு வதிவிட அனுமதியே கிடைத்தது. விரும்பினால் விசாரித்துப் பாருங்கள்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. விமானத்துக்கு நாலு நாள் முதல் அவரைத் தடுப்புக்காவலில் போய்ப் பார்த்தேன். இந்த ஊரில் இருந்து போன ஒரே ஆள் நான்தான். தோடம்பழம் கொண்டுபோனேன், உள்ளே விடவில்லை. அப்போதும் நேரம் இருந்தது. அதை நானே சொல்லிவிடுகிறேன். நாள் தவறியது அவருடைய பிழையால் இல்லை என்று நான் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தால் வழக்கைத் திரும்பத் திறக்கக் கேட்டிருக்கலாம். வில் நகரத்து ஆள் ஒருவருக்கு முன்பு நானே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சிறி மெலிந்துபோயிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. எனக்கு ஆறுதல் சொன்னது அவர்தான்.

“நீங்கள் வாசிச்சது சரியாத்தான் இருக்கும் அண்ணை. அவங்கள்தான் என்னவோ மாறிச் செய்யிறாங்கள்.” கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துவிட்டுத் தொடர்ந்தார். “அண்ணை, அண்டைக்குக் கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால உங்களை அப்பிடிக் கேட்டது என்ரை பிழை. தனியச் சொல்லியிருக்கோணும். இஞ்ச இருந்து யோசிச்சுப் பாத்தன். மனசில வைச்சிருக்காதேங்கோ.”

“அதை நான் எப்பவோ மறந்திட்டன்,” என்றேன்.

திரும்பி வரும்போது ரயிலில் நல்ல நித்திரை. எட்டு மாதத்துக்குப் பிறகு அப்படி ஒரு நித்திரை.

இப்போது எழுதுங்கள். தயாநிதியாகிய நான், இரண்டு கடிதங்களிலும் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டே மாற்றிச் சொன்னேன். ஒருவரும் தூண்டவில்லை. அதற்குக் கீழே கையெழுத்து வைக்கிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதவேண்டும், தங்கச்சி. தடுப்பில் இருந்து சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவர் யூன் மாதமே எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தால், ஒக்ரோபரில் நான் கடிதத்தைச் சரியாகவே வாசித்திருப்பேன். அவருடைய மனைவிக்குப் பதில் போடும்போது, பிழை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று அவவுக்கு விளங்கும்படி எழுதுங்கள்.