எட்டு உளுவையும் உப்பின வயிறும்

பிச்சுமணி: ...அது இல்லை, அந்தக் கல்லு மேல உட்கார்ந்திருக்கே, அது. அதோட வயித்தைப் பாரு பத்மஜா.

பத்மஜா: அடுப்புல ரசம் பொங்கறது. மீன் வயித்தைப் பார்க்க நான் என்ன டாக்டரா?

பிச்சுமணி: பட்டாணியை முழுங்கினாப்பல இல்லே?

பத்மஜா: சாப்பிட்டா வயிறு தெரியாதா? உங்களுக்குத் தெரியலையா?

பிச்சுமணி: என் தொப்பையை விடு. ரெண்டு நாளா நான் அதுகளுக்கு ஒண்ணுமே போடலை.

பத்மஜா: என்னது! பட்டினியா போட்டேள்?

பிச்சுமணி: சாலைக் கடைத்தெருவுல தொட்டி மீன் விக்கறானே ஜெபசிங், அவன்தான் சொன்னான். “உளுவைக்கு வயிறு உப்பினா ரெண்டு நாளு காயப் போடுங்க சாமி”ன்னு.

பத்மஜா: நன்னாருக்கு. நமக்குத்தான் ஏகாதசி, மஞ்சளும் கறுப்புமா விரல் நீளம்கூட இல்லாத மீனுக்குமா?

பிச்சுமணி: காயப் போட்டும் வத்தலையே... அதான் பயமா இருக்கு.

பத்மஜா: தண்ணிக்கு உப்பு போட்டேளோ?

பிச்சுமணி: போட்டேன், போட்டேன். இந்த ஜாதிக்கு லேசாக் கரிக்கணும். எல்லாம் சரியாத்தான் இருக்கு. இது வியாதிதான். சனிக்கிழமை ஜானவி கொச்சியிலேர்ந்து வரா. “அப்பாவுக்கு”ன்னு பொண்ணு ஆசையா வாங்கித் தந்தது... எட்டுல ஒண்ணு போனாலும் அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

பத்மஜா: ஒண்ணும் போகாது. சும்மா இருங்கோ.

பிச்சுமணி: மருந்து வாங்கிண்டு வந்துட்டேன். பாரு, நீலமா இருக்கு. இதுல நாலு சொட்டு விட்டா...

பத்மஜா: வேண்டாம்!

பிச்சுமணி: ஏன்டீ கத்தறே?

பத்மஜா: இல்லே... நன்னா இருக்கறதுக்கு எதுக்கு மருந்து? அதோ, கண்ணாடியில ஒட்டிண்டு உங்களையே பார்க்கறது பாருங்கோ. சீக்காளி இப்படியா பார்க்கும்?

பிச்சுமணி: அது பசிப் பார்வை.

பத்மஜா: பசியாவது ஒண்ணாவது! நீங்க அந்த மீன் தீனிப் பொடியை முன்னாடியே கை நிறையப் போட்டிருப்பேள்.

பிச்சுமணி: பொடி... ஆமா, பொடிதான். ஒரு சிட்டிகைக்கு மேல போடவே மாட்டேன்.

பத்மஜா: அதுகள் பொடியைத் தொடவே தொடாதே.

பிச்சுமணி: ...உனக்கு எப்படித் தெரியும்?

பத்மஜா: தூசி தட்டறப்போ பார்த்தேன்.

பிச்சுமணி: தண்ணிக்குள்ள என்னடீ தூசி?

பத்மஜா: பேச்சை மாத்தாதீங்கோ. பொடியைத் தொடாத மீன் இத்தனை நாள் எப்படி உசிரோட இருக்கு? சொல்லுங்கோ.

பிச்சுமணி: சொன்னா கோவிச்சுக்கப்படாது.

பத்மஜா: முதல்ல சொல்லுங்கோ.

பிச்சுமணி: புழு.

பத்மஜா: புழுவா!

பிச்சுமணி: சிவப்புப் புழு. உசிரோட நெளியும். இதுகளுக்கு அசையறதுதான் ஆகாரம், மத்ததெல்லாம் மண்ணு. சாயங்காலம் பத்மநாபனைத் தொழப் போறேன்னு கிளம்பறேனே... அப்படியே சாலைக்கும் போய் ஜெபசிங் கிட்ட வாங்கிண்டு வருவேன்.

பத்மஜா: சிவ சிவா! ஸ்வாமி பேரைச் சொல்லிண்டு புழு வாங்கப் போனேளா?

பிச்சுமணி: தொழுதுட்டுத்தான் போவேன்!

பத்மஜா: எங்க ஒளிச்சு வச்சேள்?

பிச்சுமணி: ஷேவிங் டப்பாவுல. வெங்காயம் நறுக்கினாலே ஜன்னலைத் திறந்து வைக்கறவ நீ. பூஜை அறைக்குப் பக்கத்துல புழுன்னா தொட்டியையே தூக்கிக் கடாசிடுவியோன்னு... என்ன, சிரிக்கறே?

பத்மஜா: சிரிக்காம என்ன பண்றது? நீங்க என்னைப் பார்த்து பயந்தேள். நான் உங்களைப் பார்த்து...

பிச்சுமணி: நீ எதுக்குப் பயந்தே?

பத்மஜா: விடுங்கோ.

பிச்சுமணி: சொல்லேன்.

பத்மஜா: ரிட்டையர் ஆனதுலேர்ந்து பிடிச்சு வச்ச பிள்ளையாரா உட்கார்ந்திருந்தேள். ஆத்துல நான் பேசினா எனக்கே கேட்டுண்டிருந்தது. இதுகள் வந்தப்புறம்தான் நீங்க வாயைத் திறந்தேள். வந்த புதுசுல பொடியைத் தொடாம வயிறு ஒட்டிப்போய்க் கெடந்துதே... இதுகள் போயிட்டா மறுபடி நீங்க பேசாம ஆயிடுவேளோன்னு எனக்கு அழுகையே வந்துடுத்து. அதான் காலம்பற நீங்க குளிக்கப் போறப்போ...

பிச்சுமணி: குளிக்கப் போறப்போ? பத்மஜா, நீ என்ன போட்டே?

ஷில்பா: மாமீ! ஷில்பாவாணு, ஹெல்த் டிபார்ட்மென்ட்லேர்ந்து. டெங்கு சீசன் அல்லே? வெள்ளம், அதான் தண்ணி, எங்கயாவது கெட்டி நிக்கறதான்னு வீடு வீடா பார்க்கறோம்.

பிச்சுமணி: வாம்மா, வா! எங்காத்துல ஒரு சொட்டு நிக்காது. மாமி அத்தனை சுத்தம். கொல்லைப்பக்கம் போய்த் தாராளமாப் பாரு.

ஷில்பா: அறியாம் சாரே, மாமி சுத்தம் எனக்குத் தெரியாதா? சும்மா ஒரு நோட்டம். இப்போ வந்துடறேன்.

பத்மஜா: ஐயோ ஏன்னா, அவளைத் தடுங்கோ! கிணத்தடியில பச்சை வாளி நிறைய உங்க மீனுக்குக் கொசுப்புழு வளர்த்துண்டிருக்கேன்!