பாலத்துக்காரன் விட்ட கொட்டாவி

இல்ல சார், எல்லாரும் அப்படித்தான் நினைச்சிட்டிருக்காங்க. படிச்சவங்க, படிக்காதவங்க, என் சொந்த மேனேஜர், எல்லாரும். ஆன்லைன்ல கேம் விளையாட வர்றவன் ஜெயிக்கறதுக்காக வர்றான்னு. மனுஷன் நெருப்பைக் கண்டுபிடிச்ச நாள்லேர்ந்து பண்ணிட்டு வர்ற தப்புகள்ல இது முக்கியமான தப்பு. ஜெயிக்க யாரும் வர்றதில்ல சார். தோக்கத்தான் வர்றான். ஆனா எப்படித் தோக்கணும், எத்தனை தடவை தோக்கணும், எந்தத் தோல்விக்கப்புறம் ‘சே, இன்னும் ஒரே ஒரு தடவை’ன்னு தோணணும்... அதை அளந்து கொடுக்க ஒரு ஆளு வேணும். அந்த ஆளு நான்.

தலைய ஆட்டாதீங்க. தாடைல மாட்டியிருக்கற பட்டை நழுவிடும். மிஷின் கழுத்தை இழுக்கறப்போ பேசக்கூடாதுன்னு அந்த பிசியோதெரபி பொண்ணு சொல்லிட்டுப் போனா, நானும் கேட்டேன். நீங்க பேச வேணாம். இருபது நிமிஷம் வச்சிருக்கா, இன்னும் பதினெட்டு இருக்கு. எங்க மாமனார் உள்ள மணிக்கட்டுக்கு மெழுகு ஒத்தடம் எடுத்துட்டிருக்கார். ரெண்டு பேருக்கும் பொழுது போகணுமில்ல.

எங்க கம்பெனி கேம்ல ஒரு பாலம் இருக்கு சார். ஆத்துக்கு இந்தப் பக்கம் காடு. அந்தப் பக்கம் ஊரு, சந்தை, வீடு கட்ட மனை, சகல சௌகரியமும். பாலத்துல ஒருத்தன் இரும்புத் தடியோட நிப்பான். பாலத்துக்காரன்னு பேரு. அவன் அடிச்சா ஆத்துல விழணும், நீந்திக் கரைக்கு வந்து மறுபடி ஏறணும். அவ்வளவுதான் கேம். பாக்கியெல்லாம் மரம், மேகம், பின்னணி இசை. அவன் தடிய எவ்வளவு வேகமா சுத்தணும், எத்தனை அடி வாங்கினா சாயணும், அது என் பொறுப்பு. பதினோரு வருஷமா அதே வேலை.

சுலபம்னு நினைக்கறீங்க. கண்ணுல தெரியுது.

கேஷுவல், ஹார்ட்கோர்னு ஆபீஸ்ல ரெண்டு வார்த்தை வச்சிருக்காங்க. எனக்குப் பிடிக்கல, அதுல ஒரு விவரமும் இல்ல. நான் சாயங்கால ஆளுங்க, சாமத்து ஆளுங்கன்னு வச்சிருக்கேன். சாயங்கால ஆளு வேலை முடிஞ்சு வந்து, காலை நீட்டி, ஒரு அரை மணி நேரம் விளையாடற ஆளு. அடுப்புல பால் வச்சிருப்பாங்க, ஒரு காது அங்க இருக்கும். சாமத்து ஆளு அப்படியில்ல. பாலத்துக்காரன் தடிய ஓங்கறதுக்கு முன்னாடி அவனோட இடது முட்டி லேசா அசையுதுன்னு கண்டுபிடிச்சு, அதைப் பத்தி நாப்பது பக்கத்துக்குக் கட்டுரை எழுதி, கடைசில மேற்கோள் பட்டியலும் போடுவான். அந்த முட்டி அசையறது எனக்கே தெரியாது சார். அது படம் வரைஞ்சவர் பண்ண தப்பு.

ஒரே நாள்ல ரெண்டு கடிதம் வரும். ஒண்ணு, ‘ஐயா, நான் பல் டாக்டர். நாள் பூரா அடுத்தவங்க வலிய பார்க்கறேன். சாயங்காலம் நான் ஏன் ஆத்துல விழணும்?’ இன்னொண்ணு, ‘உங்க பாலத்துக்காரனை இடது கையால, பல் தேச்சுக்கிட்டே சாய்ச்சேன். நாங்க என்ன குழந்தைங்களா?’ ரெண்டுலயும் பல்லு வருது, அது தற்செயல். ஆனா ரெண்டு பேரும் பேசறது ஒரே பாலத்துக்காரனைப் பத்தி. அவன் ஒருத்தன்தான் இருக்கான்.

தடியோட வேகத்தை நூத்துல அஞ்சு பங்கு குறைச்சேன். சாமத்து ஆளுங்க முன்னூறு பேர் பாலத்து மேல உட்கார்ந்து மறியல் பண்ணாங்க. சரின்னு கூட்டினேன். சாயங்கால ஆளுங்க ஒண்ணும் சொல்லல. பயப்பட வேண்டியது அதுக்குத்தான் சார். சாமத்து ஆளுக்குக் கோவம் வந்தா கடிதம் எழுதுவான். சாயங்கால ஆளுக்குக் கோவம் வந்தா எழுந்து போய்ப் பாலை இறக்கி வைப்பாங்க. அப்புறம் வரமாட்டாங்க. ஏன் வரலன்னு கேட்டா அவங்களுக்கே சொல்லத் தெரியாது. ஒரு தடவை ஒண்ணுமே மாத்தாம, ‘சரி செய்யப்பட்டுள்ளது’ன்னு ஒரு அறிவிப்பு மட்டும் போட்டேன். ரெண்டு பக்கத்துலேர்ந்தும் நன்றி சொல்லி எழுதினாங்க. இத்தனை வருஷத்துல எனக்கு ரொம்ப நல்ல பேர் வாங்கிக் கொடுத்த வேலை அதுதான்.

‘சுலபம்’, ‘கஷ்டம்’னு ரெண்டு பட்டன் வைக்க வேண்டியதுதானேன்னு கேக்கறீங்க. கேக்கல, வாயைத் திறக்க முடிஞ்சா கேட்டிருப்பீங்க. வச்சோம் சார். சுலபத்தை அமுக்கினா தலைக்கு மேல சின்னதா ஒரு பச்சை இறகு முளைக்கும். அது என் யோசனை இல்ல. ஆன்லைன்னா நாலு பேர் பார்க்கற இடம். பச்சை இறகோட யார் போய் நிப்பா? ஆறு மாசத்துல அந்தப் பட்டனை அமுக்கினவங்க மொத்தம் பதினேழு பேர். அதுல ஒம்பது பேர் கை தவறி.

என்ன சொல்ல வந்தேன்... ஆங், கொட்டாவி.

இந்த நிலைமைல எங்க ஆபீஸ்ல யாரோ ஒரு மேதாவி, யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்காம, பாலத்துக்காரனுக்குக் கொட்டாவி வச்சுட்டார். அதாவது, நாப்பது தடவை தொடர்ந்து தோத்த ஆளு பாலத்துல ஏறினா, பாலத்துக்காரன் கண்ணை மூடி, வாயைப் பொளந்து, ஒண்ணரை செகண்ட் கொட்டாவி விடுவான். அந்த நேரத்துல ஒரு தட்டு தட்டினா சாஞ்சிடுவான். யோசிச்சுப் பார்த்தா மோசமான யோசனை இல்ல. தோக்கறவனுக்குத் தெரியாமலே ஒரு கை கொடுக்கறது. பட்டன் இல்ல, இறகு இல்ல, மானம் போகல. நான் அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்கல. எப்படி யோசிச்சிருப்பார்னு சொல்றேன்.

ரெண்டே நாள். சாமத்து ஆளுங்க கண்டுபிடிச்சுட்டாங்க. அவங்களுக்குள்ள ஒரு போட்டி உண்டு, பாலத்தை யார் சீக்கிரம் தாண்டறதுன்னு. இருபத்தாறு செகண்ட்னு ஒரு ரெக்கார்ட், மூணு வருஷமா யாரும் அதைத் தொட முடியல. இப்போ நாப்பது தடவை வேணும்னே ஆத்துல விழுந்துட்டு நாப்பத்தொண்ணாவது தடவை போனா, ஏழு செகண்ட். அப்புறம் கேக்கணுமா. அந்த கேம்லயே திறமையான ஆளுங்க பாலத்துல வரிசை கட்டி நின்னு, ஒருத்தரை ஒருத்தர் தள்ளாம, ரொம்ப ஒழுங்கா ஆத்துல விழுந்துட்டிருந்தாங்க. அந்த நேரம் பார்த்து சாயங்கால ஆளுங்க வர்றாங்க, வீட்டு வேலையெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு, ஆசை ஆசையா. பார்த்தா, தங்கக் கவசம் போட்ட பெரிய பெரிய ஆளுங்களே தொபுக்கு தொபுக்குன்னு விழறாங்க. ‘இவங்களுக்கே இந்த கதின்னா நாம எந்த மூலைக்கு’ன்னு எழுந்து போயிட்டாங்க. ஒரு கொட்டாவில ரெண்டு பக்கமும் காலி.

யார் பண்ணதுன்னு கண்டுபிடிக்க மேனேஜர் விசாரணைக் குழு போட்டிருக்கார். தலைவர் நான்தான்.

இன்னும் ஒம்பது நிமிஷம் இருக்கு. வலிச்சா விரலை ஆட்டச் சொல்லியிருக்கா. ஆட்டறீங்களா, இல்ல சும்மா அசையுதா? சும்மாதான்.

ஆபீஸ் கிடக்கட்டும் சார். உண்மைல கவலை எங்க மாமனார் கைதான். அவர் டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸ்ல டெஸ்ட் எடுக்கற வேலைல இருந்தவர். முப்பத்தொரு வருஷம். ரிட்டயர் ஆனதுலேர்ந்து எங்களோட இருக்கார். நாலு மாசம் முன்னாடி ஃபேன் துடைக்கறேன்னு ஸ்டூல்ல ஏறி விழுந்தார். வலது மணிக்கட்டு. கட்டுப் பிரிச்சுப் பார்த்தா விரல் மடங்கல, மணிக்கட்டு பத்து டிகிரிக்கு மேல வளையல. டாக்டர் அமுக்கிப் பழகறதுக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். மேஜைக்கு அடில யாரோ நீட்டின கவர் மாதிரி அதைப் பார்த்துட்டு, திருப்பிக் கொடுத்துட்டார். டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டார். ‘எப்படியாவது அந்தக் கைய அசைய வைங்க. அசையலன்னா கத்தி வைக்கணும், வச்சாலும் உத்தரவாதம் இல்ல’ன்னார்.

அதான் கேம் கன்ட்ரோலரைக் கையில கொடுத்தேன். முதல் நாள் பதினோரு தடவை ஆத்துல விழுந்தார். மூஞ்சில அப்படியொரு தெளிவு சார். ஒரு நோட்டு எடுத்து ஒவ்வொரு தோல்விக்கும் இடது கையால காரணம் எழுத ஆரம்பிச்சார், பழைய ஆபீஸ் பாஷைல. ‘சைகை காட்டாமல் வலதுபுறம் திரும்பியது.’ ‘எதிரில் வருபவரைக் கவனிக்காதது.’ ‘பதற்றம்.’ தன்னைத்தானே ஃபெயில் போட்டு, கீழ கையெழுத்தும் போட்டுக்குவார். சாப்பிடக் கூப்பிட்டா, ‘இரு, இவன் சரியா வரட்டும்’பார். இவன்னா அவர்தான். மூணே வாரத்துல பத்து டிகிரி அம்பதாச்சு. இங்க இருக்கற பிசியோ அம்மா அளந்து பார்த்துட்டு, தப்பா அளந்துட்டோமோன்னு மறுபடி அளந்தாங்க. அதுக்குள்ள இருநூத்திப் பன்னெண்டு தடவை தோத்திருந்தார். அவ்வளவு சந்தோஷமா ஒரு மனுஷனை எங்க வீட்ல நான் பார்த்ததில்ல.

என் மனைவிதான் சொன்னா, ‘என்னங்க, அப்பா தினமும் தோத்துட்டே இருக்கார், பார்க்கப் பாவமா இருக்கு, நீங்கதானே அங்க கஷ்டத்துக்கு இன்சார்ஜ்’னு...

இல்ல. அவ அப்படிச் சொல்லல. அவ சொன்னது, ‘அவரை அப்படியே விடுங்க, நீங்க எதுலயும் கைய வைக்காதீங்க.’ பாவமா இருந்தது எனக்குத்தான். அந்த மேதாவியும் நான்தான் சார். விசாரணைக் குழுத் தலைவர்ங்கிற முறைல வெளியாள்ல உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். தோக்கத்தான் ஆள் வர்றான்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறவன், வீட்ல ஒருத்தர் தோக்கறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்க முடியல.

கொட்டாவி வச்ச அன்னிக்கு சாயங்காலம் இருநூத்திப் பதிமூணாவது தடவை பாலத்துல ஏறினார். நான் பேப்பர் படிக்கற மாதிரி பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். பாலத்துக்காரன் வாயைப் பொளந்தான். எங்க மாமனார் அடிக்கல. சும்மா நின்னு பார்த்தார். கொட்டாவி முடிஞ்சு அவன் அடிச்சான், இவர் விழுந்தார். நீந்தி வந்து ஏறினார். மறுபடி கொட்டாவி. கன்ட்ரோலரை மேஜைல வச்சு, ஒயரைச் சுத்தி, ‘போதும்’னார். ‘ஏன் மாமா, ஒரு தட்டு தட்டியிருக்கலாமே’ன்னேன். ‘மாப்ள, முப்பத்தொரு வருஷம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். போனா போகட்டும்னு பாஸ் போடறவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா’ன்னார்.

அதோட கைய மடில வச்சு உட்கார்ந்துட்டார். அஞ்சு வாரம். அம்பது டிகிரி முப்பதாச்சு. கத்தி வைக்க ஒரு நாள் பார்த்துக்கங்கன்னு டாக்டர் போன வாரம் சொல்லிட்டார். என் மனைவி எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. கேக்காம தட்டு வைக்கற சத்தம் இருக்கே சார்.

நேத்து கொட்டாவிய எடுத்துட்டேன். வீட்டுக்குப் போய் அவர் முன்னாடி உட்கார்ந்து, நான்தான் பண்ணேன்னு சொல்லிட்டேன். ‘எனக்காகவா?’ன்னார். ஆமான்னேன். ‘என் ஒருத்தனுக்காக எல்லாருக்குமா வச்சே?’ ‘உங்களுக்கு மட்டும் வச்சா முறைகேடு மாமா’ன்னேன். அது சரிதான்னு ஒத்துக்கிட்டார். அப்புறம், ‘நானும் ஒரு தடவை பண்ணியிருக்கேன்’னார்.

முப்பத்தொரு வருஷத்துல ஒரே ஒரு ஆளாம். குச்சி நட்டு, நடுவுல வண்டிய ரிவர்ஸ்ல விடச் சொல்லுவாங்கல்ல? அதுல குச்சிய இடிச்சுச் சாய்ச்சவனை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு பாஸ் போட்டாராம். ‘ஏற்கெனவே மூணு தடவை ஃபெயில் போட்டாச்சு. கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. என் பொண்ணு மூஞ்சிய நினைச்சேன்’னார்.

நான்தான் சார். எனக்கு டெஸ்ட் எடுத்தது அவர்தான். அந்த ஆபீஸுக்கு நடையா நடந்தப்போதான் அவர் பொண்ணையே முதல் தடவை பார்த்தேன். நாலாவது தடவை நான் நல்லா ஓட்டினேன்னு பதினாறு வருஷமா நினைச்சிட்டிருக்கேன். குச்சி காத்துல சாஞ்சதுன்னு. ‘அன்னிலேர்ந்து நீ வண்டி ஓட்டறப்போ எல்லாம், பக்கத்து சீட்ல நான் இல்லாத பிரேக்கை வலது காலால அழுத்திக்கிட்டேதான் வர்றேன்’னார்.

சொல்லிட்டு நோட்டை எடுத்தார். கொட்டாவி நிஜமாவே போச்சான்னு அவரே பார்த்துக்கணுமாம், என் வார்த்தைய நம்பத் தயாரில்ல. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒம்பது தடவை ஆத்துல விழுந்தார்.

மணி அடிச்சிடுச்சு. இருங்க சார், அந்தப் பொண்ணு வந்து கழட்டுவா... அட, நீங்களே கழட்டிட்டீங்க. மெதுவா எழுந்திருங்க, தலை சுத்தும். செருப்பு இந்தப் பக்கம். அவரும் இதோ வந்துடுவார். நீங்க எந்தப் பக்கம் போறீங்க, பஸ் ஸ்டாப்புக்கா? நல்லதாப் போச்சு, நாங்களும் அங்கதான். இல்ல சார், கார் வீட்ல நிக்குது. காலைல கிளம்பறப்போ எங்கிட்டேர்ந்து சாவிய வாங்கி அவர் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். பையோட பட்டனையும் அவரே போட்டார், வலது கையால. நாலு நிமிஷம் ஆச்சு. பஸ்லதான் வந்தோம்.