டபுளுக்கு அவன் சொன்ன பதில்

காசு வைத்துச் சீட்டாடும் பழக்கம் எனக்குக் கிடையாது, சார். வேங்கிக்காலில் நாங்கள் ஆடுவது பிரிட்ஜ். எதிரெதிரே உட்காரும் இரண்டு பேர் ஒரு கூட்டு. நாலு வருஷமாக என் கூட்டாளி தசரதன்.

சீட்டு இறங்கும் முன் ஏலம் நடக்கும். கையில் என்ன இருக்கிறது என்பதைக் கூட்டாளிக்கு ஏலத்தில்தான் சொல்ல வேண்டும், வேறு பேச்சு கூடாது. தசரதன் ‘ஒரு டைமன்’ என்று தொடங்குவான். எதிராளி குறுக்கே ‘ஒரு இஸ்பேட்’ என்பான். நான் ‘டபுள்’ என்பேன். எதிராளிக்கு விடும் சவால் இல்லை அது. ‘என்னிடம் ஆட்டின், அதாவது ஹார்ட்ஸ், சீட்டு இருக்கிறது, நீ வாயைத் திற’ என்று கூட்டாளியைக் கேட்பது. இவ்வளவுதான். தசரதன் ‘பாஸ்’ என்பான். எதிராளி அந்த ஒரு இஸ்பேடை ஆடி ஜெயித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பான்.

தாளில் எழுதிக் கொடுத்தேன். கிரிவலம் போனபோது பதினாலு கிலோமீட்டரும் இதையே சொல்லிக்கொண்டு நடந்தேன். “புரிஞ்சிடுச்சு வேணு, வுடுப்பா” என்பான். மறுநாள் பாஸ். எனக்கு வயிறு எரியும், சார்.

அவனுக்குச் சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். அதனால் அவன் மனைவி ரேணுகாம்பாள் நாலு மிட்டாயை என்னிடம்தான் கொடுத்தனுப்புவார். “அவருக்கு மறதி ஜாஸ்திண்ணா. நடுங்குனா ஒண்ணு வாயில போட்டுடுங்க.” ஒரு நாளும் நான் தவறியதில்லை.

போன ஞாயிறு ஆட்டத்தில் கடைசிச் சுற்று. ஒரு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட எழுந்தான். “நாலு ஆட்டம்தாம்பா, முடிச்சுட்டுப் போலாம்” என்று உட்கார வைத்தேன். மூன்றாவது ஆட்டத்தில் ‘ஒரு டைமன்’ என்றபோது அவனுக்கு நாக்கு குழறியது. எதிராளி ‘ஒரு இஸ்பேட்’ என்றார். தசரதன் என் சட்டைப் பையைப் பார்த்துக் கையை நீட்டினான்.

ஏலத்தின் நடுவே கூட்டாளி காட்டும் சைகைக்கு எதுவும் செய்யக் கூடாது, சார். அது விதி. நான் ‘டபுள்’ என்றேன். இந்த ஒரு தடவை சரியாகச் சொல்லட்டும், உடனே கொடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து ‘பாஸ்’ என்றான்.

முதல் சீட்டை நான் போட்டேன். அவன் முறை வந்தபோது தலை மேஜையில் சாய்ந்தது. “என்னாச்சு சார் அவருக்கு?” என்று எதிராளிகள் பதறினார்கள். “ராத்திரி தூங்கல. கொஞ்ச நேரம் உட்டுடுங்க” என்றேன். அவர்கள் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தவர்கள்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் ரேணுகாம்பாள், “மிட்டாய் குடுத்தீங்களாண்ணா?” என்று கேட்டார். “ரெண்டு குடுத்தேம்மா” என்றேன். நாலும் பையில் இருந்தன.

அவர்கள் டீ குடித்துவிட்டு வர இருபது நிமிஷம் ஆனது. அதுவரை நானும் அவனும் மட்டும்தான். மூச்சு வந்துகொண்டிருந்தது. அவன் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். இஸ்பேடில் ஏஸ், ராணி, ஜாக்கி, பத்து. எதிராளி கேட்ட இஸ்பேடில் பெரிய சீட்டுகள் இவன் கையில். அப்படி வந்தால் மட்டும் பாஸ் சொல்ல வேண்டும், எதிராளி தோற்பான் என்று நானே அந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். தெரிந்து சொன்னானா, வழக்கம்போல உளறினானா என்று நிதானமாக யோசித்தேன். உளறல்தான் என்று முடிவு செய்து, சீட்டுகளை அவன் கையிலேயே திரும்பச் செருகி வைத்தேன்.