கடைசியாகக் கூப்பிடும் பெயர்

— நமக்குப் பின்னாடி வந்ததெல்லாம் போயாச்சு. இன்னும் உன் பேரைக் கூப்பிடல.

— நம்மளைக் கடைசியாத்தான் கூப்பிடுவாங்க அத்தை. ஃபைல்ல சிவப்பு ஸ்டிக்கர் இருக்குல்ல. மத்தவங்களுக்கெல்லாம் கரு வச்சு முடிச்சுட்டு, அப்புறம்தான் நம்மளது.

— நம்மளதுன்னு சொல்லாதே. உன் பேருலதானே ஒட்டியிருக்கு. மஞ்சக்காமாலைக் கிருமி உன் ரத்தத்துல.

— சரி. என்னோடது.

— கோவப்படாதே. என் புள்ளைக்கு லீவு கிடைக்கலன்னுதான் நான் துணைக்கு வந்தேன், சண்டை போட இல்ல. மூணு தடவை வச்சாங்க. மூணும் நிக்கல. நேத்துகூட வந்துச்சுங்க.

— யாரு அத்தை?

— அதுங்கதான். மூணும் கதவுகிட்ட நிக்குதுங்க. வாங்கடா கண்ணுங்களான்னு கையை நீட்டுறேன். உன் பக்கம் பார்த்துட்டு, உள்ள வரமாட்டேங்குதுங்க.

— எனக்குச் சத்தம் மட்டும்தான். பாத்திரம் கழுவும்போது பின்னாடி யாரோ சின்னக் காலால ஓடுற மாதிரி. குழாயை மூடினா நின்னுடும்.

— திறந்தா?

— திறந்தா மறுபடியும் கேக்கும். தண்ணியை வீணாக்குறேன்னு நீங்க திட்டுவீங்க.

— அடிப்பாவி, அதுக்குத்தானா அது?

— கிருமியாலதான் நிக்கலன்னு சொல்ல முடியாதாம் அத்தை. டாக்டரே சொன்னாங்க. இது இல்லாதவங்களுக்கும் நிக்காமப் போகுதாம்.

— டாக்டருக்கென்ன, சொல்லுவாங்க. இது கடைசிக் கரு. இதையும் கூப்பிட்டு வந்து அந்தக் கதவுகிட்ட நாலாவதா நிக்க வைக்காதே. கடவுள் பேரால கேக்கறேன். வேண்டாம்னு சொல்லிட்டு வா, வீட்டுக்குப் போவோம்.

— இதை மட்டும் கேக்காதீங்க அத்தை.

— வீம்பு! என்னையும் ரத்தம் குடு, சோதிச்சுக்கோன்னு ஒரு வருஷமா அரிக்கிறே. உன் நோவு எனக்கும் ஒட்டிருச்சோன்னு பயம், அதானே?

— சோதிச்சுட்டா நல்லதுன்னுதான்...

— அம்மா, நான் நர்ஸ். அடுத்து நீங்கதான். தடுப்பூசி அட்டை இருக்குங்களா?

— இருக்கு சிஸ்டர். மூணு ஊசியும் போட்டாச்சு.

— நல்லதுங்க. உங்களுக்குக் கிருமி இல்லை, எதிர்ப்பும் நல்லா வந்திருக்கு. வீட்டுக்காரர் மட்டும் மாத்திரையை நிறுத்தக் கூடாது, சரிங்களா? துணி மாத்திட்டு வாங்க.

— ஏம்மா நர்ஸு, நில்லு! இவளுக்கு இல்லையா? ஸ்டிக்கர் இவ பேருல இருக்கே?

— புருஷன் பொண்டாட்டில யாருக்கு இருந்தாலும் ஃபைலை மனைவி பேருலதாங்க போடுவோம்... ஐயோ, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சுட்டேன். நான் உள்ள இருக்கேங்க.

— என்னடி இது? என் புள்ளைக்கா? மூணு வருஷமா உன் தட்டைத் தனியா வச்சேனே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னியா?

— சொன்னா நீங்க தாங்கமாட்டீங்க அத்தை.

— ஏன் தாங்கமாட்டேன்? எவகிட்டயோ போய் வாங்கிட்டு வந்திருக்கான், நீ மூடி மறைச்சிருக்கே! எவ குடுத்தாளோ, அவ வயிறு வெந்து—

— அத்தை, வேண்டாம்! சாபம் விட்டுடாதீங்க! அவர் யார்கிட்டயும் போகல.

— பின்ன எப்படி வந்துச்சு? இவ்வளவு நடந்தும் அவளுக்குப் பரிஞ்சு பேசறியே, யாருடி அவ?

— பொறக்கும்போதே வந்ததாம் அத்தை. பெத்த அம்மாகிட்டருந்து.