சத்தமில்லாத பதினோரு நிமிடம்

என் மனைவிக்குக் காது கூர்மை. மாடிப்படி ஏறுவது நானா, எதிர்வீட்டுக்காரரா என்று செருப்புச் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். அந்தக் கணினி விளையாட்டில் அவளுக்கு சோனார் வேலை, அதாவது தண்ணீருக்கடியில் வரும் சத்தத்தைக் கேட்டுச் சொல்லும் வேலை, கிடைத்ததில் வியப்பில்லை.

உங்களுக்கு அது பழக்கமில்லை என்றீர்கள் மேடம், சொல்கிறேன். ஒரு நீர்மூழ்கிக் கப்பல். ஐந்து பேர் அவரவர் வீட்டிலிருந்தபடி சேர்ந்து ஓட்டுவார்கள். மேலே எதிரிக் கப்பலை வேறொருவர் ஓட்டுவார். அவர் டார்பிடோ என்கிற நீரடிக் குண்டை விட்டால் நீர்மூழ்கி ஒரு டிகாயை விடும். உள்ளே ஒன்றுமில்லாத உருளைதான், ஆனால் கப்பலைப் போலவே சத்தம் போடும். டார்பிடோ அதைத் துரத்திக்கொண்டு போய்விடும். கப்பல் பக்கவாட்டில் திரும்பி, எஞ்சினை அணைத்துப் பதுங்கும். அப்போது கேப்டன் "அமைதி" என்பான். ஐவரும் மைக்கை மூடிவிட வேண்டும். திறந்தால் எதிரிக்குக் கேட்கும்.

கேப்டனை நாங்கள் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான். நல்ல குரல்.

"சோனார், என்ன கேக்குது?"

"உங்க வயிறு கத்துது கேப்டன். சாப்டீங்களா இல்லையா?"

என்னையும் சாப்பிட்டாயா என்று கேட்பாள். சிரிக்காமல் கேட்பாள்.

"நீயும் வாயேன்டா, ஒரு இடம் காலியா இருக்கு" என்றாள் ஒருநாள். "எனக்கு வேலை இருக்கு" என்றேன். முதலில் ஹெட்செட்டால் ஒரு காதை மட்டும்தான் மூடுவாள். மற்றது நான் கூப்பிட்டால் கேட்பதற்கு. பிறகு இரண்டையும் மூட ஆரம்பித்தாள்.

"அப்படி என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லடா. துணி காஞ்சிருச்சான்னு பாரேன்."

டிகாய் விடுகிறாள் என்று புரிந்துகொண்டேன். பொறாமை என்று எழுதாதீர்கள். கவனித்தேன், அவ்வளவுதான்.

அவளுக்குத் தெரியாமல் நானும் ஒரு புனைபெயரில் சேர்ந்தேன். எதிரிக் கப்பலில். பக்கத்து அறையிலிருந்து. பத்து வாரம் ஒவ்வொரு ஞாயிறும் தோற்றுத் தோற்றுப் பழகினேன். டிகாய் விட்டதும் கேப்டன் எப்போதும் இடப்பக்கம்தான் திரும்புவான். அதையும் அவளே ஒருநாள் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னாள்.

அவளுக்கு ஆஸ்துமா. பதற்றம் கூடினால் மூச்சு இழுக்கும். இன்ஹேலர் மேசையில், பேனாக்களோடு நிற்கும். பதினோராவது ஞாயிறு மதியம் அவள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த இடத்தில் தீர்ந்துபோன பழைய ஒன்றை வைத்தேன். உள்ளே ஒன்றுமில்லாத உருளை. அவள் போன் என் அறையில் சார்ஜில் இருந்தது.

ஆட்டம் தொடங்கியதும் அடுத்தடுத்து நான்கு டார்பிடோ விட்டேன். டிகாய் விட்டான், இடப்பக்கம் திரும்பினான், "அமைதி" என்றான். நான் இடப்பக்கத்தில் காத்திருந்தேன். அவர்களுக்கு நேர் மேலே வந்து நின்றேன். சுடவில்லை. நான் நகரும்வரை கீழே யாரும் வாய் திறக்க முடியாது. ஒருத்தி ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்கவும் முடியாது. பதினோரு நிமிடம்.

நடுவில் அவள் இன்ஹேலரைக் குலுக்குவது சுவர் வழியாகக் கேட்டது. அவளுக்கு இருக்கிற காதுக்கு, காலி என்று அப்போதே தெரிந்திருக்கும். எழுந்து வர முடியவில்லை போலும். பிறகு சுவரில் தட்டினாள். ஏழு தட்டல். எட்டாவதற்குக் காத்திருந்தேன்.

அது வரவில்லை. கப்பலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். நல்ல இன்ஹேலரைப் பழையபடி மேசையில் வைத்த பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

கப்பலைத் திருப்பியதுதான் தவறு. காலடியில் சிக்கிய நீர்மூழ்கியை யாரும் சுடாமல் விட்டுப் போக மாட்டார்கள். கேப்டனுக்கு அது உறுத்தியிருக்கிறது. இரண்டு கப்பலிலும் ஒரே வீட்டு இணைய இணைப்பு இருந்ததைத் தோண்டியெடுத்து உங்களிடம் கொண்டுவந்திருக்கிறான். கெட்டிக்காரன்தான். அதை நான் மறுத்ததே இல்லை.

ஆம், நான்தான் அவளைக் கொன்றேன். ஆனால் காரணமில்லாமல் சந்தேகப்பட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்களே காட்டிய படத்தில் பாருங்கள். மைக் பொத்தான் அவளுடைய ஒரு கைக்கு அடியிலேயே இருக்கிறது. அழுத்தியிருந்தால் நான்கு பேருக்குக் கேட்டிருக்கும். அழுத்தவில்லை. மறு கையை அவ்வளவு தூரம் நீட்டி, என் சுவரைத்தான் தட்டியிருக்கிறாள். கடைசி மூச்சிலும் அவன் கட்டளையை மீறவில்லை, மேடம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?