கந்தகம் எரிந்த தொட்டி

விஸ்கி அருந்தாதவர்களிடம் விஸ்கியைப் பற்றிப் பேசுவது எனக்கு எப்போதும் எளிதாகவே இருந்திருக்கிறது. அவர்கள் குறுக்கே பேசுவதில்லை. தாங்களும் அருந்துவதில்லை என்று கூறினீர்கள், நல்லது. எனினும் நான் செய்த காரியம் விளங்க வேண்டுமானால், என் தொழில் சிறிதளவேனும் விளங்க வேண்டும்.

புதிதாக வடித்த விஸ்கிக்கு நிறமில்லை. எரிச்சல் மட்டுமே உண்டு. உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்துதான் அது வெனிலா மணத்தையும் மரத்தின் காரத்தையும் பெறுகிறது. பல ஆலைகள் அத்துடன் நிறுத்திக்கொள்ளும். எங்கள் ஆலையில் அதற்கு மேலும் ஒரு படி உண்டு. முன்பு ஒயின் இருந்த பீப்பாய்களில் அதே விஸ்கியை மாற்றி ஊற்றிச் சில மாதங்கள் வைத்திருப்போம். மரம் உறிஞ்சி வைத்திருக்கும் ஒயின் மெல்ல மெல்ல விஸ்கிக்குள் இறங்கும். ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய் உலர்திராட்சையையும் வாதுமைப் பருப்பையும் நினைவூட்டும். போர்ட் ஒயினுடையது பழப்பாகின் இனிப்பைத் தரும். சிவப்பு ஒயினுடையது நாவின் ஓரங்களை இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பைத் தரும். இனிப்பான வெள்ளை ஒயின் இருந்ததில் தேனும் ஆரஞ்சுத் தோலும் எழும். ஆனால் எடுக்க வேண்டிய வேளை தவறினால் ஒயின் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தானியத்தின் சுவை வாயடைத்துப் போகும். அந்த வேளையை எந்தக் கருவியும் கூறாது. மூக்கு கூறும். எங்கள் ஆலையில் அந்த மூக்கு என்னுடையது.

தொழிலாளர்கள் என்னை 'மூக்கு சார்' என்றே அழைத்தார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர் அது, பின்னர் மரியாதையாகிவிட்டது. என் இயற்பெயரை முதலாளியே மறந்திருக்கக்கூடும். அது குறித்து எனக்கு வருத்தமில்லை.

என் மனைவியின் தங்கையைத் தொழிலுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். வீட்டில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்போம். தாய் தந்தை இல்லாத பெண், எங்களுடனேயே வளர்ந்தாள். அவளுடைய மூக்கு சிறந்தது. என் மூக்கைவிடச் சிறந்தது என்று சிலர் கூறினார்கள். நான் மறுத்ததில்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை.

சென்ற ஆண்டு எனக்குக் காய்ச்சல் வந்தது. அது தணிந்தபோது வாசனை முழுவதும் என்னைவிட்டுப் போயிருந்தது. சில வாரங்களில் திரும்பிவிடும் என்று எண்ணினேன். திரும்பவில்லை. நான் யாரிடமும் கூறவில்லை. பயிற்சி என்ற பெயரில், ஒவ்வொரு கோப்பையையும் சின்னவளிடம் முதலில் நீட்டினேன். "நீ முதல்ல சொல்லு, பாப்போம்" என்பேன். அவள் சொல்வாள். நான் சற்று யோசிப்பதுபோல் நின்று தலையசைப்பேன். அவளுடைய சொற்கள் முதலாளியிடம் போகும்போது என்னுடைய சொற்களாகிவிடும். இதில் வஞ்சகம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அச்சொற்களை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

ஒருநாள் முதலாளி முன்னறிவிப்பின்றிப் பீப்பாய்க் கிடங்குக்குள் வந்தார். போர்ட் பீப்பாய் ஒன்றிலிருந்து தாமே விஸ்கியை எடுத்து முதலில் என்னிடம் கொடுத்தார்.

"எப்படி வந்திருக்கு, மூக்கு சார்?"

"பழுத்த பிளம். பழப்பாகு. இன்னும் கொஞ்ச நாள் விட்டா அருமையா வரும்" என்றேன்.

சின்னவள் கோப்பையை வாங்கி முகர்ந்தாள். அவள் கண்கள் ஒரு கணம் என்மேல் நின்றன.

"அத்தான் உங்களச் சோதிக்கிறாரு முதலாளி. இந்தப் பீப்பாய் வர்றப்பவே காடியேறி வந்திருக்கு. மோந்து பாருங்க, ஊறுகாய் ஜாடி மாதிரி இருக்கு. நீங்க கண்டுபிடிக்கிறீங்களான்னு பாக்கிறாரு."

முதலாளி முகர்ந்து முகம் சுளித்தார். பிறகு சிரித்தார். "என்னையே வெச்சு விளையாடுறீங்களா ரெண்டு பேரும்?"

நானும் சிரித்தேன். அவர் சென்றபின் சின்னவள் பீப்பாயின் மூடியை அழுத்தி மூடியபடி, என்னைப் பாராமலேயே கேட்டாள்.

"எப்போலேர்ந்து அத்தான்?"

"என்ன எப்போலேர்ந்து?"

"மூக்கு."

நான் கோப்பையைக் கழுவத் திரும்பினேன். "சரி விடுங்க. அக்காகிட்டகூடச் சொல்ல மாட்டேன். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அன்றுமுதல் அவள் என்னைக் குணப்படுத்த முனைந்தாள். மாலையில் சமையலறை மேசையில் என் கண்களைக் கட்டிவிட்டு எலுமிச்சை, சோப்பு, காப்பித்தூள் என்று ஒவ்வொன்றாக என் முகத்தருகே பிடிப்பாள். "எலுமிச்சைக்கும் சோப்புக்கும் வித்தியாசம் தெரியல, இதுல மூக்கு சாராம்" என்று காதோரம் சிரிப்பாள். அடுப்பருகே நின்ற என் மனைவி, தொழில்முறைப் பயிற்சி என்று எண்ணிக்கொண்டு, "என் வீட்டுக்காரரப் போட்டு ஏண்டி படுத்துற?" என்பாள். மூவரும் சிரிப்போம். இரக்கத்தைக் குற்றமாக எந்தச் சட்டமும் கருதவில்லை. நானும் கருதவில்லை. ஆயினும் கண்கட்டு அவிழ்க்கப்படும் ஒவ்வொரு முறையும், அவள் முகத்தில் அந்த இரக்கம் இருப்பதைக் கண்டேன்.

இனித் தொட்டியைப் பற்றிக் கூறுகிறேன். பல பீப்பாய்களின் விஸ்கியை ஒன்றாகக் கலந்து, ஒன்றோடொன்று பழகவிடும் பெரிய ஓக் தொட்டி ஒன்று எங்களிடம் உண்டு. இரண்டாள் உயரம், மேலே ஓர் ஆள் நுழையும் வாய். தொட்டி காலியாக இருக்கும்போது பூஞ்சை பிடிக்காதிருக்க, உள்ளே கந்தகத் திரியை எரித்து வாயை மூடிவிடுவோம். அந்தப் புகை காற்றைவிடக் கனமானது. அடியில் படிந்து கிடக்கும். ஆகவே யாரேனும் உள்ளே இறங்குமுன், நான் வாய்க்குள் தலையை விட்டு முகர்ந்து, "போகலாம்" என்று கூற வேண்டும். இறங்குபவரின் இடுப்பில் கயிறு கட்டப்படும். மேலே ஒருவர் அதைப் பிடித்து நிற்பார். கீழே இழுத்தால் மேலே தூக்க வேண்டும். எங்கள் ஆலையின் வழக்கம் இதுவே. என் "போகலாம்" என்ற சொல்லை நம்பி எத்தனையோ பேர் இறங்கி ஏறியிருக்கிறார்கள்.

இந்தப் பேச்சைத்தான் ஒருநாள் சின்னவள் எடுத்தாள்.

"விஸ்கி கெட்டா முதலாளிக்கு நஷ்டம், அத்தான். அது போகட்டும். ஆனா தொட்டிக்குள்ள ஆளு எறங்குது. உங்களுக்கு ஒண்ணும் தெரியாம நீங்க போகலாம்னு சொல்லி, எவனாவது போயிட்டா? நீங்களே முதலாளிகிட்டச் சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லிட்டா அப்புறம் நான் யாரு?" என்று கேட்டேன்.

"எங்க அத்தான்" என்றாள். அன்புடன்தான் கூறினாள். அந்தப் பதில் போதும் என்று அவள் மெய்யாகவே எண்ணினாள்.

அடுத்த தொட்டிச் சோதனைக்குப் பிறகு நானே சொல்லிவிடுவதாக வாக்களித்தேன். அவள் மகிழ்ந்தாள். தொட்டியின் பக்கப் பலகையில் கசிவு இருப்பதாகப் புகார் வந்திருந்தது. அதைப் பார்க்கத் தானே இறங்குவதாகக் கூறினாள். அந்த வாரம் அவளுக்குக் கடுமையான சளி. கண்களில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. "இன்னிக்கு நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி அத்தான். நம்ம மூக்க நம்பி ஆலை நடக்குது பாருங்க" என்று தும்மினாள்.

"தொட்டிய நேத்தே கழுவி, காத்தாட விட்டாச்சு. திரி போடல" என்றேன்.

திரியை அன்று காலையில் நானே எரித்திருந்தேன். மேற்புறப் புகை கலையும் அளவுக்கு மட்டும் மூடியைத் திறந்து வைத்திருந்தேன். அவள் என் மூக்கை நம்பவில்லை. அதற்கு அவளைக் குறைகூற இயலாது. என் வார்த்தையை நம்பினாள்.

தொழிலாளர்கள் மதிய உணவுக்குச் சென்றிருந்தார்கள். வழக்கத்தை மீறக்கூடாது என்பதற்காக, நான் தொட்டியின் வாய்க்குள் தலையை விட்டு ஆழமாக மூச்சிழுத்தேன். அப்போது நிகழ்ந்ததைத் தாங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். எனக்கு வாசனை வந்தது. தீக்குச்சி உரசியதுபோன்ற, கூர்மையான, மறுக்கவியலாத கந்தக வாசனை. என்னைச் சோதிக்க நீங்கள் அழைத்துவந்த மருத்துவர், அது வாசனையன்று, வெறும் எரிச்சல் என்கிறார். மூக்குச் செத்தவனுக்கும் அந்த எரிச்சல் தெரியுமாம். அவருக்கு மருத்துவம் தெரியும். வாசனை எனக்குத் தெரியும். நான் தலையை வெளியே எடுத்து, "போகலாம்" என்றேன்.

அவள் ஏணியில் விரைவாகவே இறங்கினாள். ஒருமுறை இருமும் ஒலி கேட்டது. பிறகு கயிறு என் உள்ளங்கையில் அசைந்தது. முதலில் மெதுவாக, பின்பு பலமாக. நான் கயிற்றை விடவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்துக்கொண்டுதான் நின்றேன். இழுக்கவில்லை. தொட்டியின் வாயில் குனிந்து, இன்னும் வாசனை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. கயிறு ஓய்ந்த பிறகும் வந்தது.

அதன்பின் கூச்சலிட்டேன். ஆட்கள் ஓடிவந்தார்கள். அவளை மேலே தூக்கியவர்கள் அழுதார்கள், நானும் அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை. தொட்டியை இனி என்ன செய்வது என்று முதலாளி பின்னர் கேட்டபோது, மரத்திற்கு எந்தக் கேடும் இல்லை, நன்றாகக் கழுவி நிரப்பலாம் என்றேன். நிரப்பிவிட்டார்கள். அது நன்றாக வரும்.

என் வழக்கறிஞர் திறமையானவர். "உங்களுக்கு வாசனை தெரியாதுங்கிறதே போதும். திரி எரிஞ்சதே உங்களுக்குத் தெரியல, விபத்து. சீக்கிரம் வெளிய வந்துடலாம்" என்கிறார். என் வாக்குமூலத்தில் தாங்களும் அவ்வாறே எழுத முனைகிறீர்கள். 'முகரும் திறனற்றவர்' என்ற சொற்களை உங்கள் தாளில் கண்டேன். அவற்றை அடித்துவிடுங்கள். நான் கந்தகத்தை முகர்ந்தேன்; அறிந்தேன்; அறிந்தே அவளை உள்ளே அனுப்பினேன். கயிறு இழுக்கப்பட்டது எனக்குத் தெரியும். கொலை என்று எழுதுங்கள். மூக்கில்லாதவன் என்று எழுதாதீர்கள்.

அன்றுமுதல் அந்த வாசனை என்னைவிட்டு விலகவில்லை. இந்த அறையில் இருக்கிறது; போர்வையில் இருக்கிறது; நீங்கள் தரும் தண்ணீரிலும் இருக்கிறது. உறங்கும்போது அது நெருங்கிவந்து முகத்தருகே நிற்கிறது, யாரோ கையில் பிடித்துக் காட்டுவதுபோல. கண்களைத் திறந்தால் யாருமில்லை. நேற்று என் மனைவி வந்தாள். கம்பிக்கிடையே என் சட்டைக் கையை நீட்டி, முகர்ந்து பார்க்கச் சொன்னேன். அவள் குனிந்து, நெடுநேரம் முகர்ந்தாள்.

"ஒண்ணும் இல்லைங்க. சோப்பு வாசனைதான்" என்றாள்.

பிறகு என் கையை விடாமலேயே கேட்டாள்: "அவ கயித்த இழுத்தாளா?"

"இழுத்தா" என்றேன்.

அவள் தன் கையை எடுத்துக்கொண்டு எழுந்து சென்றாள். நான் அவளைத் தவறாக எண்ணவில்லை. நுட்பமான மூக்கு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எங்கள் வீட்டில் அது இருவருக்கு மட்டுமே இருந்தது. இப்போது எனக்கு மட்டும் இருக்கிறது.